கூட்டாகத் தோட்டம் போடுகிறீர்களா? இந்தத் தவறுகளைத் தவிர்த்துவிடுங்கள்

சென்னையில் எங்கள் குடியிருப்பின் பின்பக்கத்தில் ஒரு கிரவுண்டுக்குக் கொஞ்சம் குறைவான இடம் சும்மா கிடந்தது. கட்டடம் கட்டியபோது கொட்டிய ஜல்லியும் உடைந்த ஓடுகளும்தான் அங்கே இருந்தன. 18 குடும்பங்கள் சேர்ந்து அதைச் சுத்தம் செய்து தோட்டமாக்கி 6 வருடம் ஆகிறது. இன்று வெண்டை, கத்தரி, கீரைப் பாத்திகள், அவரைப் பந்தல், நான்கு வாழை என்று பச்சைப் பசேலென நிற்கிறது. ஆனால் இரண்டாவது வருடம் அது கைவிட்டுப் போகிற நிலைக்கு வந்தது. மழை நன்றாகப் பெய்த வருடம்தான் அது. முன்கூட்டியே பேசி முடிவு செய்யாமல் விட்ட விஷயங்கள் எங்களைப் பிரித்துவிட்டன. 7 குடும்பங்கள் விலகின. அதில் நான்கு பேர் மீண்டும் வரவே இல்லை.

அடுக்குமாடிக் குடியிருப்பிலோ தெருவிலோ சேர்ந்து தோட்டம் போட நினைப்பவர்கள் அதே குழியில் விழ வேண்டாம் என்றுதான் இதை எழுதுகிறேன்.

பாத்தியைப் பிரித்ததோடு விட்டுவிடுவது

முதல் ஞாயிற்றுக்கிழமை சுண்ணாம்புக் கோடு போட்டு ஆளுக்கு ஒரு பாத்தி, 10 அடிக்கு 4 அடி, என்று பிரித்துக்கொண்டோம். சந்தோஷமாகக் கலைந்தோம். நடைபாதை, குழாயடி, உரக்குழி, வேலியோரம், மண்வெட்டியும் பூவாளியும் வைக்கும் அறை இதெல்லாம் யார் பொறுப்பு என்று ஒருவரும் கேட்கவில்லை. எல்லோருக்கும் பொது என்பதால் யாரும் தொடவில்லை. ஆறு மாதத்தில் வேலியோரம் முழுக்கப் பார்த்தீனியமும் கோரையும். பார்த்தீனியம் ஒரே செடியில் ஆயிரக்கணக்கில் விதை போடும். கோரைக்கு மண்ணுக்குள் கிழங்கு உண்டு. மேலே அறுத்தால் மறுபடி கிளம்பும். வேலியோரத்தில் தொடங்கியது ஒழுங்காக வேலை செய்தவர்களின் பாத்திக்குள்ளும் வந்தது. அங்கேதான் முதல் மனக்கசப்பு.

"எல்லோரும் சேர்ந்து பார்த்துக்கொள்வோம்" என்று எழுதிவைத்தால் யாரும் பார்க்க மாட்டார்கள். ஒவ்வொரு பொது இடத்துக்கும் ஒரு வீட்டின் பெயரைப் போடுங்கள். எங்களிடம் இப்போது ஆடியிலும் தையிலும் பொறுப்பு மாறும். உரக்குழி ஒரு வீட்டுக்கு வந்தால் ஆறு மாதம் உரக்குழி அவர்களுடையது. ஆறு மாதம் என்று தெரிந்தால் யாரும் முகம் சுளிப்பதில்லை.

கோடு போடும்போதே இன்னொன்றையும் யோசித்துவிடுங்கள். மார்கழி, தை மாதங்களில் நம் ஊரில் சூரியன் தெற்கே சாய்ந்து போகும். தெற்கு ஓரத்தில் ஒருவர் வாழையோ முருங்கையோ வைத்தால் அவருக்கு வடக்கே உள்ளவரின் தக்காளி நிழலில் கிடக்கும். உயரமாக வளர்பவையும் பந்தலும் வடக்கு ஓரத்தில்தான் இருக்க வேண்டும். முருங்கையும் பப்பாளியும் தனிப்பாத்தியில் வேண்டவே வேண்டாம் என்பது என் கருத்து. பாத்தி வேறு குடும்பத்துக்கு மாறினாலும் மரம் அங்கேயே நிற்கும், சண்டையும் நிற்கும்.

தண்ணீரை அவரவர் மனச்சாட்சிக்கு விடுவது

ஏப்ரல், மே மாதங்களில் குழாயடிதான் தோட்டத்தின் உண்மை முகம். காலையில் முதலில் வருபவர் ஓஸைப் போட்டுவிட்டு நடைப்பயிற்சிக்குப் போய்விடுவார். கடைசியில் வருபவருக்கு வெறும் காற்றுதான் வரும்.

இதற்கான விடை நம் கிராமங்களில் வெகுகாலமாக இருக்கிறது. மதுரைப் பக்கத்துக் கண்மாய்ப் பாசனத்தில் நீர்க்கட்டி என்று ஒருவர் இருப்பார். எந்த வயலுக்கு எப்போது எவ்வளவு நேரம் தண்ணீர் என்பதை அவர்தான் திறந்துவிட்டு அடைப்பார். பல ஊர்களில் அந்தக் கண்மாய்ப் பாசனத்தில் சொந்த நிலம் இல்லாதவரையே இதற்கு வைப்பார்கள். அவருக்குக் கூலி விளைச்சலில் பங்கு. தண்ணீர் குறைந்த வருடத்தில் முறைவைத்துப் பாய்ச்சுவார்கள். யாரும் தன் மடையைத் தானே திறக்கக்கூடாது. ஓஸ் பிடிக்கும் நமக்கும் இதே ஏற்பாடு பொருந்தும்.

நாங்கள் செய்தது இதுதான். கோடையில் வாரத்துக்கு ஒருவர் "தண்ணீர் முறை". குழாயின் பூட்டுச் சாவி அவரிடம். காலை 6 முதல் 7 மணி வரை, பாத்திக்கு இரண்டு பூவாளி என்ற அளவில், அவரே எல்லாப் பாத்திக்கும் ஊற்றிவிடுவார். தன் பாத்திக்குக் கடைசியில் ஊற்றுவார். எல்லோரும் பாத்திக்கு மூடாக்குப் போட வேண்டும் என்பதும் அதோடு சேர்ந்த விதி. காய்ந்த இலை, வைக்கோல், தென்னை மட்டைத் துண்டு எதுவானாலும் சரி. வெறும் மண்ணாக விட்டவரின் பாத்தி தண்ணீரைக் குடித்துக்கொண்டே இருக்கும். அது பிறர் பங்கிலிருந்து போகிறது.

சொல்லாமல் ஊருக்குப் போவது

பள்ளி விடுமுறை வந்ததும் பாதித் தோட்டம் காலியாகிவிடும். இரண்டு வாரம் பார்க்காத வெண்டைப் பாத்தி எப்படி இருக்கும் என்று பார்த்தவர்களுக்குத் தெரியும். பூத்து ஐந்தாறு நாளில் பறிக்க வேண்டிய காய் முற்றி நாராகிவிடும். முற்றிய காய் செடியில் நிற்க நிற்க, புதுப் பூ குறையும். பழுத்து விழுந்த தக்காளியில் ஈ மொய்க்கும்.

ஊருக்குப் போவது தவறில்லை. சொல்லாமல் போவதுதான் தவறு. எங்கள் ஏற்பாடு எளிமையானது: கிளம்புவதற்கு முன் பக்கத்துப் பாத்திக்காரரிடம் சொல்லிவிட வேண்டும். அவர் தண்ணீர் ஊற்றுவார், காயைப் பறித்து அவரே வைத்துக்கொள்வார். திரும்பி வந்து "என் காய் எங்கே" என்று கேட்கக்கூடாது. இதைத் தெளிவாகப் பேசிவைத்த பிறகு, பக்கத்து வீட்டு அக்கா என்னைப் பார்த்து, "நீங்க எப்ப ஊருக்குப் போறீங்க?" என்று ஆசையாகக் கேட்கிறார்.

மருந்து அடிப்பதைத் தன் சொந்த விஷயம் என்று நினைப்பது

இந்தத் தவறைப் பற்றித்தான் நான் அதிகம் பேச விரும்புகிறேன். மற்றதெல்லாம் மனக்கசப்போடு முடியும். இது உடம்பில் போய் முடியும்.

இரண்டாவது வருடம் ஒருவர் தன் கத்தரிக்குக் கடையில் கேட்டு வாங்கிய ஏதோ ஒரு மருந்தை அடித்தார். யாரிடமும் சொல்லவில்லை. பக்கத்துப் பாத்தி கீரை, நடுவில் இரண்டடி நடைபாதைதான். மறுநாள் காலை அந்தக் கீரையைப் பறித்துச் சமைத்திருக்கிறார்கள். நல்லவேளை, யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை. விஷயம் தெரிந்த அன்று அந்த வீட்டு அம்மா நடுங்கிப்போய் உட்கார்ந்திருந்ததை என்னால் மறக்க முடியவில்லை. அவர்கள் வீட்டில் அப்போது இரண்டு வயதுக் குழந்தை.

எந்தப் பூச்சிக்கொல்லிக்கும், தெளித்த பிறகு இத்தனை நாள் கழித்துத்தான் பறிக்க வேண்டும் என்று ஒரு காத்திருப்புக் காலம் உண்டு. அது எந்தப் பயிருக்கு, எத்தனை நாள் என்பது புட்டியோடு வரும் தாளில் இருக்கும். ஆனால் காற்றில் பறந்து பக்கத்துக் கீரையில் படியும் மருந்துக்கு அந்தக் கணக்கை யார் பார்ப்பது? கீரையோ இன்று இல்லாவிட்டால் நாளை பறிப்பது. மோனோகுரோட்டோபாஸ் போன்ற மருந்துகளைக் காய்கறியில் அடிக்கவே கூடாது என்று அரசே தடை செய்திருக்கிறது. அதனால் பலர் சேர்ந்து சாப்பிடும் தோட்டத்தில் ரசாயன மருந்து வேண்டாம் என்று முதல் நாளே முடிவு செய்துவிடுவதுதான் நல்லது. இதில் மட்டும் நான் விட்டுக்கொடுப்பதில்லை.

வேப்பெண்ணெய்க்கும் ஒழுங்கு தேவை. ஒரு லிட்டர் தண்ணீருக்கு 5 மில்லி, கரைய ஒரு துளி சோப்பு, வெயில் தாழ்ந்த பிறகு. உச்சிவெயிலில் அடித்தால் இலை கருகும். காலையில் அடித்தால் பூசணிப்பூவுக்கு வரும் தேனீக்கள் மேல் படும். தேனீ வராவிட்டால் யார் பாத்தியிலும் பூசணி பிடிக்காது.

மருந்து அடித்தால் பூச்சி போய்விடும் என்ற நம்பிக்கையே எல்லா இடத்திலும் சரியில்லை. 2008-இல் கோவைப் பக்கத்தில் பப்பாளி மாவுப்பூச்சி முதலில் தென்பட்டது. பப்பாளி, மல்பெரி, மரவள்ளி என்று தமிழ்நாடு முழுக்கப் பரவியது. அதன் உடம்பில் உள்ள மெழுகுப் பூச்சால் மருந்து சரியாகப் படாது. விவசாயிகள் அடித்துப் பார்த்து ஓய்ந்தார்கள். 2010-இல் போர்ட்டோ ரிக்கோவிலிருந்து கொண்டுவந்து விட்ட சின்னஞ்சிறு ஒட்டுண்ணிக் குளவிகள்தான் அதை அடக்கின. கண்ணுக்குச் சரியாகத் தெரியாத அந்தக் குளவிகளைப் போன்ற நல்ல பூச்சிகள் நம் தோட்டத்திலும் இருக்கின்றன. ஒருவர் அடிக்கும் மருந்து எல்லோருக்குமான அந்தக் காவலையும் கொன்றுவிடும்.

இதன் மறுபக்கமும் உண்டு. ஒன்றுமே செய்யாமல் விடுவதும் தவறுதான். வெண்டையில் இலை நரம்பு மஞ்சளாகிக் காயும் வெளுத்துப் போனால் அது நரம்புத் தேமல். வைரஸால் வருவது, வெள்ளை ஈ பரப்புவது. மருந்து கிடையாது. அந்தச் செடியைப் பிடுங்கிச் சாக்கில் கட்டி அப்புறப்படுத்த வேண்டும். "இன்னும் காய்க்கிறதே" என்று இரக்கப்பட்டு ஒருவர் வைத்திருந்தால் ஒரு மாதத்தில் மற்றவர்களின் வெண்டைக்கும் அதே கதி வரலாம். தேமல் கண்ட செடியை 24 மணி நேரத்தில் எடுக்க வேண்டும், எடுக்காவிட்டால் அந்த மாதப் பொறுப்பாளர் எடுக்கலாம் என்று எங்கள் விதித் தாளில் எழுதியிருக்கிறோம். பிறர் செடியில் கேட்காமல் கைவைக்க அனுமதி உள்ள ஒரே இடம் அதுதான்.

பறிப்பதைப் பற்றிப் பேச வெட்கப்படுவது

அடுத்தவர் பாத்தியில் கேட்காமல் பறிக்கக்கூடாது என்பது எல்லோருக்கும் தெரியும். சிக்கல் வருவது பொது மரத்தில். எங்கள் கறிவேப்பிலை இரண்டு முறை மொட்டையானது. ஒரு கொத்து வேண்டியவர் கிளையையே ஒடித்துக்கொண்டு போனார். வீட்டுக்கு ஒரு நாளைக்கு இரண்டு கொத்து, ஒடிக்காமல் கிள்ளி எடுப்பது, மரம் ஆள் உயரம் வரும்வரை யாரும் தொடாமல் இருப்பது என்று பேசித்தான் அதைக் காப்பாற்றினோம். வாழைத்தார் வெட்டினால் அன்று மாலையே வீட்டுக்கு இத்தனை காய் என்று பிரித்துக் கொடுத்துவிடுகிறோம். இதையெல்லாம் பேசுவது அற்பம் என்று பலர் கூச்சப்படுகிறார்கள். பேசாமல் விட்டால் உள்ளுக்குள் கணக்கு ஓடிக்கொண்டே இருக்கும்.

மாடிக்கு ஏறும்போது எடையை மறப்பது

கீழே இடம் போதாமல் மொட்டைமாடிக்குப் போகிறவர்கள் கவனிக்க வேண்டியது ஒன்றுதான். ஆட்கள் புழங்கும் மாடிக்கு இந்தியத் தரவிதி வைத்திருக்கும் பயன்பாட்டுச் சுமை சதுர மீட்டருக்கு 1.5 கிலோநியூட்டன், அதாவது சுமார் 150 கிலோ. ஈரமண் ஓர் அடி உயரத்துக்கு ஒரு சதுர மீட்டரில் நிரப்பினாலே 500 கிலோவைத் தாண்டும். ஆகவே மாடியில் மண் பாத்தி கட்டாதீர்கள். தென்னைநார்க் கழிவு அதிகம் கலந்த பைகளை, சுவரோரமாகவும் கீழே பீம் ஓடும் இடங்களிலும், தள்ளித்தள்ளி வையுங்கள். அதற்கு முன் ஒரு கட்டடப் பொறியாளரைக் கூப்பிட்டுக் காட்டுங்கள். கீழ்வீட்டுக் கூரையில் ஒழுகினால் அந்தச் செலவு யாருடையது என்பதையும் முதலிலேயே எழுதிவிடுங்கள்.

மாடியானாலும் தரையானாலும் தொட்டிக்கு அடியில் வைக்கும் தட்டில் தண்ணீர் நின்றால் டெங்குவைப் பரப்பும் ஏடிஸ் கொசு முட்டையிடும். முட்டை கொசுவாக ஒரு வாரம், பத்து நாள் போதும். காய்ந்த தட்டின் ஓரத்தில் ஒட்டிய முட்டை மாதக்கணக்கில் உயிரோடு கிடந்து, தண்ணீர் பட்டதும் பொரியும். அதனால் கவிழ்த்தால் மட்டும் போதாது, வாரம் ஒருமுறை தேய்த்துக் கழுவ வேண்டும். ஐப்பசி மழைக்கு முன்னால் தட்டுகளையே எடுத்துவிடுவது இன்னும் நல்லது.

உரக்குழியில் சமைத்த சோறும் எண்ணெய்ப் பண்டமும் மீனும் போடாதீர்கள். பெருச்சாளி வரும், நாற்றம் வரும், சங்கத்தில் புகார் வரும். காய்கறித் தோல் ஒரு பங்கு போட்டால் காய்ந்த இலை இரண்டு, மூன்று பங்கு போட்டு மூடுங்கள்.

காவலாளி தலையில் கட்டுவது

பல குடியிருப்புகளில் நான் பார்க்கும் தவறு இது. ஆரம்பத்தில் ஆர்வமாக மண் கொத்தியவர்கள் மூன்றாம் மாதம் வாட்ச்மேன் அண்ணனைக் கூப்பிட்டு "கொஞ்சம் தண்ணி ஊத்திடுங்க" என்பார்கள். பிறகு களையும் அவரே, உரமும் அவரே. 12 மணி நேரம் நின்று வேலை பார்க்கும் மனிதருக்குச் சம்பளமில்லாத இரண்டாவது வேலை. அவர் மறுத்துப் பேசவும் முடியாது. எங்கள் இடத்திலும் நடந்தது. அவருக்கும் மனைவிக்கும் ஒரு பாத்தியைக் கொடுத்து உறுப்பினராகச் சேர்க்கலாமே என்று ஒரு பெரியவர் கேட்டபோதுதான் எங்களுக்கு உறைத்தது. இன்று எங்கள் தோட்டத்தில் மிளகாய் நன்றாக வருவது அவர்கள் பாத்தியில்தான். ஊரில் அவர்கள் விவசாயக் குடும்பம். நாற்று விடுவது, பட்டம் பார்ப்பது எல்லாம் அவர்களிடம் கேட்டுத்தான் செய்கிறோம். வேறு யாருடைய பாத்தியிலாவது அவர் வேலை செய்தால் அதற்குக் கூலி உண்டு.

விதியை மீறியவரை எப்படி நடத்துவது என்பதையும் அப்புறம் பார்க்கலாம் என்று தள்ளாதீர்கள். பொதுச் சொத்தை மக்கள் தாங்களே எப்படி நிர்வகிக்கிறார்கள் என்று ஆராய்ந்து 2009-இல் பொருளாதார நோபல் பெற்ற எலினார் ஆஸ்ட்ராம் கண்ட ஒரு விஷயம், நீடித்து நிற்கும் குழுக்களில் முதல் தவறுக்குத் தண்டனை மிகச் சிறியதாகவே இருக்கும், படிப்படியாகத்தான் கூடும் என்பது. எங்கள் முறை: முதலில் நேரில் போய்ப் பேசுவது, குழுச் செய்தியில் அல்ல. சரிசெய்ய அவருக்கு இரண்டு வாரம். பிறகு எழுத்தில் ஒரு நினைவூட்டல். அடுத்த மாதமும் பாத்தி கேட்பாரற்றுக் கிடந்தால், காத்திருப்புப் பட்டியலில் உள்ளவருக்குப் பாத்தி போகும். விலகுபவர் நட்ட பயிரை அறுவடை வரை எடுத்துக்கொள்ளலாம். உடம்பு சரியில்லை, வீட்டில் துக்கம், பிரசவம் என்றால் இந்தக் கணக்கு எதுவும் கிடையாது, மற்றவர்கள் பார்த்துக்கொள்வோம்.

விதிகள் மொத்தம் ஒரு பக்கத்துக்கு மேல் போகவில்லை. மாதச் சந்தாக் கணக்கோடு அந்தத் தாளையும் கருவி அறைக் கதவில் ஒட்டியிருக்கிறோம். போன ஆடியில் புதிதாக இரண்டு குடும்பங்கள் சேர்ந்தன. பாத்தியைக் காட்டுவதற்கு முன்னால் அந்தக் கதவுக்குக் கூட்டிப்போய், தாளை முழுக்கப் படித்துக் காட்டினோம்.