401(கே) டெஸ்ட் ஃபெயில்: கம்பெனி பணம் போட்டுச் சரிசெய்த கதை

நியூஜெர்சியில் ஒரு சின்ன கம்பெனியின் 401(கே) கணக்கைப் பார்க்கிறேன்; ஊழியர்கள் சம்பளத்தில் ஒரு பகுதியைப் போட்டு வைக்கும் அமெரிக்க ஓய்வுக்காலச் சேமிப்புத் திட்டம் அது. 2024-க்கான ஏடிபி டெஸ்ட், அதாவது அதிகச் சம்பளக்காரர்கள் மற்றவர்களைவிட ரொம்ப அதிகமாகச் சேமிக்கிறார்களா என்று பார்க்கும் சோதனை, ஊற்றிக்கொண்டது: அதிகச் சம்பளக்காரர்கள் (2023-இல் 1,50,000 டாலருக்கு மேல் வாங்கியவர்கள், அப்புறம் 5 சதவீதத்துக்கு மேல் பங்கு வைத்திருப்பவர்கள்) சராசரியாகச் சம்பளத்தில் 5.8 சதவீதம் போட்டிருக்க, மற்றவர்களின் சராசரி வெறும் 3. மற்றவர்கள் 3 என்றால் அதிகச் சம்பளக்காரர்களுக்கு இங்கே 2 கூட்டி 5 வரைதான் அனுமதி.

வழக்கமான வழி, மார்ச் 15-க்குள் அதிகப்படியைத் திருப்பிக் கொடுப்பது; தேதி தாண்டினால் கம்பெனிக்கு 10 சதவீத வரி. திரும்பி வரும் பணத்துக்கு வருமான வரி உண்டு என்றதும் முதலாளி முகம் மாறிவிட்டது. சரி, க்யூநெக் போடலாம் என்றேன். அதாவது மற்றவர்கள் அத்தனை பேர் கணக்கிலும் சம்பளத்தில் 0.8 சதவீதம் கம்பெனி செலவில், ஒரு பைசா சேமிக்காதவருக்கும்கூட. சராசரி 3.8 ஆனது, 5.8 பாஸ்!

இந்தப் பணம் போட்ட உடனே முழுசாக ஊழியருக்குச் சொந்தம், வெஸ்டிங் (இத்தனை வருஷம் வேலை பார்த்தால்தான் பணம் சொந்தம் என்பது) காத்திருப்பெல்லாம் கிடையாது. பிளான் டாக்குமென்ட் இதை அனுமதிக்கிறதா, டெஸ்ட் நடப்பு ஆண்டு முறையில் (மற்றவர்களின் அதே வருஷச் சராசரியை வைத்து) நடக்கிறதா என்று முதலில் பாருங்கள். பிளான் வருஷம் முடிந்து 12 மாதத்துக்குள் பணம் போய்ச் சேர வேண்டும். எங்களிடம் வேலையை விட்டுப் போனவர்களின் வெஸ்ட் ஆகாத பணம் கொஞ்சம் கிடந்தது, அதையும் இதற்கே பயன்படுத்திக்கொண்டோம்.