டீசல் பிக்கப்ப டிராக்ல கிளப்பறது எப்படி, மேனுவல் கியர் வெச்சிருக்கவங்களுக்கு

நம்ம கிருஷ்ணகிரி தர்மபுரி பக்கம் பிக்கப் ஓட்டத் தெரியாத வீடு கம்மி, மாங்கா சீசன்ல மண்டிப் பக்கம் போனா வண்டி வெக்க எடம் கிடைக்காது. ஆனா டிராக் ரேஸ்னு பேச்செடுத்தா எல்லாரும் பைக்கும் பெட்ரோல் காரும் தான் பேசுறாங்க. டீசல் பிக்கப்ப 402 மீட்டர், அதாவது கால் மைல், நேரா வேகமா ஓட்டறது தனி வேலை, பெட்ரோல் வண்டில பழகுனத இதுல பண்ணா வண்டி தான் உடையும்.

மொதல்ல ஒண்ணு சொல்லிடறேன். என்ஹெச் 44-ல ராத்திரி ரோடு காலியா இருக்குன்னு யாரும் இறங்காதீங்க. தொப்பூர் எறக்கத்துல எத்தன குடும்பம் போயிருக்குன்னு நமக்கு யாரும் சொல்ல வேண்டியதில்ல. மோட்டார் வாகன சட்டம் 189-வது பிரிவுல மொத தடவைக்கே 3 மாசம் வரைக்கும் ஜெயில், இல்ல 5,000 ரூபா வரைக்கும் அபராதம், ரெண்டும் சேத்தும் போடலாம். நமக்கு சென்னை ரோட்ட புடிச்சா ஸ்ரீபெரும்புதூர் தாண்டி இருங்காட்டுக்கோட்டை டிராக், அந்தப் பக்கம் கோயமுத்தூர் செட்டிபாளையத்துல கரி மோட்டார் ஸ்பீட்வே. பிக்கப்ப எந்த கிளாஸ்ல சேப்பாங்க, லைசென்ஸ் ஹெல்மெட் என்ன வேணும்னு முன்னாடியே போன் போட்டு கேட்டுட்டு கிளம்புங்க.

இனி வண்டிக்கு வருவோம். நான் ஓட்டறது இசுசு வி-கிராஸ், பழைய 2.5 லிட்டர், 5 கியர். இதுல முழு இழுவை 320 நியூட்டன் மீட்டர், அது 1800-லருந்து 2800 ஆர்பிஎம்குள்ள தான் கிடைக்கும், பவர் 3600-ல உச்சிக்கு போயிடும். இந்த ரெண்டு நம்பர் தான் மொத்த ரன்னும். உங்க வண்டிக்கு இது என்னன்னு பாத்து வெச்சுக்கோங்க.

நிறைய பேரு பண்ற தப்பு என்னன்னா நின்ன எடத்துலயே நியூட்ரல்ல ரைஸ் பண்ணிட்டு கிளட்ச்ச டக்குனு விடறது. டீசல் வண்டில லோடு இல்லாம எவ்ளோ ரைஸ் பண்ணாலும் டர்போல, அதாவது இன்ஜினுக்குள்ள காத்த அமுக்கி அனுப்பறதுல, பெருசா பிரஷர் ஏறாது, சத்தம் தான் வரும். நானும் மொத தடவ 3000-ல வெச்சு கிளட்ச்ச விட்டேன், பின்னாடி தொட்டில வெயிட்டே இல்லாததால ஆக்ஸில் குதிச்சு குதிச்சு போச்சு, இன்ஜின் பவர பின் ஆக்ஸிலுக்கு கொண்டு போற ப்ரொப்பல்லர் ஷாஃப்டோட கிராஸ் (மூட்டு) அடி வாங்கி வீடு வரைக்கும் டக் டக்னு சத்தத்தோட தான் வந்தேன்.

அப்புறம் எனக்கு கத்துக் குடுத்தது ரேஸ்காரர் இல்ல, ராயக்கோட்டை மண்டிலருந்து தக்காளி லோடு ஓட்டற ஒரு அண்ணன். மேட்டுல கிரேட் கிரேட்டா ஏத்திட்டு நிக்கற வண்டி ஒரு இஞ்ச் பின்னாடி போகாம கிளப்புவாரு. "தம்பி, மீட்டர பாக்காத, பானெட்ட பாரு"ன்னாரு. ஹேண்ட் பிரேக்க நல்லா இழுத்துட்டு, ஃபர்ஸ்ட் கியர் போட்டு, ஆக்ஸிலரேட்டர லேசா குடுத்து கிளட்ச்ச மெதுவா விட்டீங்கன்னா ஒரு எடத்துல பானெட் லேசா மேல எழும்பும், பின்னாடி கொஞ்சம் அமுங்கும், இன்ஜின் சத்தமும் கனமாகும். அது தான் கிளட்ச் புடிக்கற எடம். அங்க கால நிறுத்தி 2000 பக்கம் ஆர்பிஎம் புடிச்சா இன்ஜினுக்கு லோடு வருது, டர்போவும் முழிச்சுக்கும். ஆனா இந்த ஹாஃப் கிளட்ச்ச ஒரு நொடி, ரெண்டு நொடிக்கு மேல புடிக்காதீங்க, பிளேட் எரிஞ்சுடும். டயர் ஸ்டார்ட் கோட்டுல சரியா நின்னு ஸ்டேஜ் லைட் எரியற வரைக்கும் கிளட்ச்ச முழுசா அமுக்கி வெச்சிருந்து, பச்சைக்கு முன்னாடி மஞ்சள் விழறப்ப தான் கிளட்ச் புடிக்கற எடத்துக்கு கொண்டு வரணும். ஹேண்ட் பிரேக்க எறக்கறதும் கிளட்ச்ச மீதி விடறதும் ஒண்ணா நடக்கணும், ஆக்ஸிலரேட்டர் அதோட சேந்தே கீழ போகணும்.

ஒரு விஷயம், வண்டியோட டைம் உங்க டயர் கோட்ட விட்டு நகந்தா தான் ஓட ஆரம்பிக்கும், பச்சை விழுந்ததுலருந்து இல்ல. அதனால தனியா டைம் எடுக்க போனவங்க லைட்டுக்கு பயந்து அவசரப்படாதீங்க, பக்கத்துல ஆள் நிக்கற ரேஸ்ல தான் ரியாக்‌ஷன் காப்பாத்தும்.

ஃபர்ஸ்ட் கியர் ரொம்ப சின்னது, கண்ண மூடி தெறக்கறதுக்குள்ள முடிஞ்சிடும், கை அப்பவே கியர் ராட் மேல இருக்கணும். ஆர்பிஎம் மீட்டர்ல செவப்பு கோடு (ரெட்லைன்) வரைக்கும் இழுக்காதீங்க. 3600 தாண்டுனா சத்தம் தான் ஏறுது, வண்டி போகல, அடுத்த கியர் போட்டா மறுபடியும் இழுவை இருக்கற எடத்துல வந்து விழும். மாத்தறப்ப கால முழுசா எடுத்து யோசிச்சுட்டு இருந்தா டர்போ பிரஷர் போயிடும், அழுத்தியே வெச்சிருந்தா ஆர்பிஎம் எகிறி கிளட்ச் மேல இடி விழும். சட்டுனு கொஞ்சம் தளத்தி, கியர் போட்டு, திரும்ப அழுத்தணும். இதுக்கு பழக்கம் தான்.

4ஹெச், அதாவது நாலு டயருக்கும் இழுவை போற மோடு, போடலாமான்னு கேப்பாங்க. எதுவும் மாத்தாத ஸ்டாக் வண்டில எனக்கு தேவைப்படல. நாலு டயரும் புடிச்சுட்டா சறுக்கறதுக்கு கிளட்ச் ஒண்ணு தான் மிச்சம், எல்லா அடியும் அது மேல. போட்டே ஆகணும்னா நேரா போறப்ப மட்டும், காஞ்ச தார்ல 4ஹெச்ல வச்சு திருப்பாதீங்க.

வெயிட்டுக்கு ஸ்டெப்னி, ஜாக்கி, தொட்டில கெடக்கற கயிறு தார்ப்பாய் எல்லாம் எறக்கிடுங்க, டீசல் கால் டேங்க் போதும். பின் டயர்ல காத்த 4, 5 பிஎஸ்ஐ கொறச்சா புடிப்பு வரும், வீட்டுக்கு திரும்பறதுக்கு முன்னாடி மறக்காம ஏத்திடணும். மணல் மூட்டை போட்டா குதிக்கறது கொறையும் ஆனா அதையும் சேத்து தான இழுக்கணும், கட்டாம இருந்தா பிரேக் அடிக்கறப்ப பறந்து வரும், எனக்கு அது வேண்டாம்.

ரீமேப் பண்ணவங்க, அதாவது இன்ஜின் கம்ப்யூட்டர் செட்டிங்க மாத்தி பவர் ஏத்துனவங்க, மொதல்ல கிளட்ச்ச பாருங்க. நாலாவது கியர்ல 50-ல போறப்ப முழுசா அழுத்துங்க, ஸ்பீடு ஏறாம ஆர்பிஎம் மட்டும் ஏறுனா பிளேட் வழுக்குது, அந்த வண்டிய டிராக்குக்கு கொண்டு போறதே வேஸ்ட்.

ரன் முடிஞ்சதும் இன்ஜின உடனே ஆஃப் பண்ணாதீங்க, ரெண்டு நிமிஷம் ஐடில்ல விடுங்க, டர்போ சூட்டுல இருக்கறப்ப ஆயில் நின்னா பேரிங் போயிடும். எரிஞ்ச வாசன வந்தா அடுத்த ரன்ன விட்டுட்டு ஆற விடுங்க. காலைல மொத ரன் தான் பெரும்பாலும் நல்லா வரும், உச்சி வெயில்ல காத்து சூடாகி இன்ஜின் இழுவை கொறையும். சின்ன நோட்ல டயர் காத்து, கிளப்புன ஆர்பிஎம், டைம் மூணையும் எழுதி வைங்க, ஒரு ரன்னுக்கு ஒண்ண மட்டும் மாத்துங்க.