கொரியாவில் ஆசிரியர் வேலை: எதற்கு வளையலாம், எதற்கு வளையவே கூடாது

கொரியாவுக்கு இங்கிலீஷ் சொல்லிக்கொடுக்கப் போகிற வெளிநாட்டு ஆசிரியர்கள் முதல் வருஷத்தில் செய்கிற தவறுகளில் முக்கால்வாசி ஒரே இடத்திலிருந்துதான் கிளம்புகின்றன. மரியாதை எது, உரிமை எது என்று பிரித்துப் பார்க்காமல் இரண்டையும் ஒரே மூட்டையாகக் கட்டிவிடுகிறோம். பள்ளிக்குள் போட வேண்டிய செருப்புக்காகவும், இரண்டு கையால் கிளாஸ் பிடிப்பதற்காகவும் மல்லுக்கட்டிவிட்டு, கடைசியில் வர வேண்டிய பணிக்கொடையை "இந்த ஊர் வழக்கம் அப்படிப் போல" என்று விட்டுவிட்டு விமானம் ஏறியவர்களை நேரில் பார்த்திருக்கிறேன். மனசு கொதிக்கும். மரியாதையில் தாராளமாக இருங்கள், அதில் உங்களுக்கு எதுவும் குறையாது. ஒப்பந்தத்தில் உள்ளதை மட்டும் ஒரு வொன்கூட (கொரியப் பணம்) விடாதீர்கள்.

நான் கனடா பாஸ்போர்ட்டில் போனவன். இரண்டு வருஷம் ஹக்வொன், அதாவது தனியார் டியூஷன் நிலையம், அப்புறம் இரண்டு வருஷம் அரசு ஆரம்பப் பள்ளி. இங்கிலீஷ் ஆசிரியருக்கான ஈ-2 விசா அமெரிக்கா, கனடா, பிரிட்டன், அயர்லாந்து, ஆஸ்திரேலியா, நியூசிலாந்து, தென்னாப்பிரிக்கா ஆகிய 7 நாட்டுக் குடிமக்களுக்குத்தான் பொதுவாகக் கிடைக்கும். 2010-ல் நடைமுறைக்கு வந்த இந்தியா - கொரியா பொருளாதார ஒப்பந்தத்தால், ஆசிரியர் தகுதிச் சான்றிதழ் வைத்திருக்கும் இந்தியர்களுக்கும் அரசுப் பள்ளிகளில் ஒரு சின்னக் கதவு திறந்திருக்கிறது. எந்தக் கதவு வழியாகப் போனாலும் உள்ளே சந்திக்கப் போகும் நெருக்கடி ஒன்றுதான்.

கூட்டாகச் சாப்பிடப் போகும்போது

ஹ்வேசிக் என்பார்கள். வேலை முடிந்ததும் பள்ளி மொத்தமும் சேர்ந்து சாப்பிடப் போவது. இதில் புதியவர்கள் செய்கிற தவறு இரண்டு வகை. ஒருவர் முதல் தடவையே "என் வேலை நேரம் முடிந்துவிட்டது" என்று சொல்லிவிட்டு வீட்டுக்குப் போய்விடுவார். இன்னொருவர் ஊற்றியதை எல்லாம் குடித்துவிட்டு மறுநாள் முதல் வகுப்பில் நிற்க முடியாமல் நிற்பார்.

எனக்குக் குடிப்பழக்கம் கிடையாது. முதல் ஹ்வேசிக்கில் மேசைமேலேயே பன்றி இறைச்சி வறுபட்டுக்கொண்டிருக்க, தலைமையாசிரியர் சோஜு என்கிற கொரிய மது பாட்டிலோடு ஒவ்வொரு மேசையாக வந்தார். என் முறை வந்ததும் கிளாஸை உள்ளங்கையால் மூடினேன். மேசையில் பேச்சு அப்படியே நின்றுவிட்டது. பக்கத்தில் இருந்த ஆசிரியை சட்டென்று என் கிளாஸை எடுத்து அதில் சாய்டா ஊற்றி என் கையில் கொடுத்தார் (கொரியாவில் சாய்டா என்றால் ஸ்ப்ரைட் மாதிரி ஒரு சோடா, அவ்வளவுதான்). இரண்டு கையாலும் பிடித்து நீட்டினேன், தலைமையாசிரியர் தன் கிளாஸால் தட்டினார், நான் முகத்தைக் கொஞ்சம் பக்கவாட்டில் திருப்பிக் குடித்தேன், அவர் சிரித்துக்கொண்டே அடுத்த மேசைக்குப் போய்விட்டார். கிளாஸை நீட்டினேனா என்பதுதான் அவருக்கு வேண்டியிருந்தது. உள்ளே என்ன இருந்தது என்று அவர் பார்க்கவே இல்லை.

அதனால் போங்கள். பெரியவர் கிளாஸ் காலியாக இருந்தால் நீங்கள் ஊற்றுங்கள், உங்கள் கிளாஸில் நீங்களே ஊற்றிக்கொள்ளாதீர்கள். முதல் சுற்று, இரண்டாம் சுற்று, மூன்றாம் சுற்று என்று கடை மாறி மாறிப் போவார்கள். முதல் சுற்றோடு எழுந்து, "நான் முன்னால் கிளம்புகிறேன்" என்று எல்லோரையும் பார்த்துத் தலைகுனிந்து சொல்லிவிட்டுக் கிளம்பினால் யாருக்கும் வருத்தம் இருக்காது. நம் ஊரில் சொல்லாமல் கொள்ளாமல் போனால்தானே கோபம் வரும், அதேதான். சைவம் சாப்பிடுகிறவர்கள் கடைக்குப் போவதற்கு முன்பே சொல்லிவிடுங்கள், ஏனென்றால் இறைச்சியே இல்லாத குழம்பில்கூட நெத்திலிச் சாறு இருக்கும். ஆனால் ஒன்று, குடிக்கச் சொல்லி யாராவது கட்டாயப்படுத்தினால் அது வழக்கம் இல்லை. 2019 ஜூலை 16 முதல் பணியிடத் துன்புறுத்தலைத் தடை செய்யும் சட்டம் கொரியாவில் இருக்கிறது, குடிக்கக் கட்டாயப்படுத்துவதும் அதில் வரும் என்று தொழிலாளர் அமைச்சின் வழிகாட்டியே சொல்கிறது.

எல்லோர் முன்னாலும் "ஏன்?" என்று கேட்பது

என் பெரிய தவறு இது. அரசுப் பள்ளியில் ஜனவரி மாதம் குளிர்கால விடுமுறை. பிள்ளைகள் இல்லை, கொரிய ஆசிரியர்களும் இல்லை, நான் மட்டும் தினமும் காலையில் வந்து வெறும் ஆசிரியர் அறையில் காலடியில் ஒரு சின்ன ஹீட்டரை வைத்துக்கொண்டு சாயங்காலம் வரை உட்கார வேண்டும். வெளிநாட்டு ஆசிரியர்கள் இதை நாற்காலியைச் சூடாக்குவது என்பார்கள். விடுமுறைக்கு முந்தைய கூட்டத்தில், முப்பது பேர் முன்னால், துணைத் தலைமையாசிரியரிடம் "வகுப்பே இல்லையே, நான் மட்டும் ஏன் வர வேண்டும்?" என்று கேட்டேன். பல்லிடுக்கில் காற்றை இழுத்துக்கொண்டு "கொஞ்சம் கஷ்டம்தான்" என்றார். யோசிக்கிறார் போல என்று நினைத்து நான் இன்னும் விளக்க ஆரம்பித்துவிட்டேன்.

அந்த "கொஞ்சம் கஷ்டம்" என்பதே "முடியாது" என்று பொருள். "யோசித்துப் பார்க்கிறேன்" என்றாலும் பெரும்பாலும் அதுதான். எல்லோர் முன்னாலும் அவரை மறுபடி மறுபடி கேட்டு நான் செய்தது அவருடைய மரியாதையைக் கெடுப்பது. அதோடு அவர் கையில் ஒன்றும் இல்லை என்பதும் எனக்கு அப்போது தெரியாது. கொரிய ஆசிரியர்கள் விடுமுறையில் வீட்டிலிருப்பது, கல்வி அலுவலர் சட்டத்தின் 41-ஆம் பிரிவு அவர்களுக்குப் பள்ளிக்கு வெளியே பயிற்சி எடுக்க அனுமதி கொடுப்பதால். ஒப்பந்தத்தில் வேலை செய்யும் எனக்கு அந்தப் பிரிவு பொருந்தாது.

அடுத்த வருஷம் என் கூட்டு ஆசிரியை, அதாவது என்னோடு சேர்ந்து வகுப்பு எடுக்கும் கொரிய ஆசிரியை, வழி சொல்லிக்கொடுத்தார். மதியச் சாப்பாடு முடிந்து துணைத் தலைமையாசிரியர் தனியாக இருக்கும்போது ஒரு பை ஜேஜு ஆரஞ்சோடு போனேன். மார்ச்சில் புது வகுப்பு தொடங்கும்போது தேவைப்படும் அட்டைகள், விளையாட்டுகள் எல்லாம் இந்த மாதமே தயார் செய்துவிடுவேன் என்று ஒரு தாளில் எழுதிக் காட்டினேன். விடுப்பு என்ற வார்த்தையையே எடுக்கவில்லை. ஆரஞ்சை உரித்துக்கொண்டே தாளைப் படித்தார். அந்த ஜனவரியில் பல நாள் மதியம் அவரே வந்து "வேலை முடிந்துவிட்டதே, கிளம்புங்கள்" என்றார். சொல்லாமலே சூழ்நிலையைப் படிப்பதற்கு அவர்கள் நுன்ச்சி என்பார்கள். அதை நாம் பழகினால் நமக்காகவும் யாராவது அதைப் பயன்படுத்துவார்கள்.

கூட்டு ஆசிரியரை எதிரியாக நினைப்பது

கெட்ட செய்தி எல்லாம் அவர் வாயிலிருந்துதான் வரும், அதனால் கோபமும் அவர்மேல்தான் போகும். தயவுசெய்து வேண்டாம். பல பள்ளிகளில் வெளிநாட்டு ஆசிரியரைப் பார்த்துக்கொள்ளும் வேலை இளையவர் ஒருவர் தலையில்தான் விழும். உங்கள் வீட்டு வாடகைப் பத்திரம், போன் இணைப்பு, பாய்லர் பழுது எல்லாமே தன் சொந்த வகுப்பு வேலைக்கு மேல் அவர் செய்வது. "நாளைக்கு வகுப்பு இல்லை" என்று கடைசி நிமிஷத்தில் உங்களிடம் சொல்கிறார் என்றால், பெரும்பாலும் அவருக்கே ஐந்து நிமிஷம் முன்னால்தான் தெரிந்திருக்கும். 2023-ல் சியோலில் ஒரு இளம் ஆரம்பப் பள்ளி ஆசிரியை இறந்த பிறகு, பெற்றோர்களின் இடைவிடாத புகார்களிலிருந்து பாதுகாப்பு கேட்டு, வாரக்கணக்கில் சனிக்கிழமைதோறும் ஆசிரியர்கள் ஆயிரக்கணக்கில் கறுப்புச் சட்டையோடு தெருவில் உட்கார்ந்தார்கள். நெருக்கடி வெளிநாட்டவனுக்கு மட்டும்தான் என்ற நினைப்பு எனக்கு அப்போதுதான் முழுசாகப் போனது.

கோபத்தில் செய்து மாட்டிக்கொள்வது

ஹக்வொன் பெயரையும் முதலாளி பெயரையும் போட்டு இணையத்தில் எழுதாதீர்கள். நடந்தது உண்மைதானே என்பீர்கள். கொரியக் குற்றவியல் சட்டத்தில் உண்மையைச் சொன்னாலும் அவதூறு வழக்கு வரலாம், பொது நலனுக்காகச் சொன்னேன் என்று நிரூபிக்கும் பாடு உங்களுடையது. ராத்திரியோடு ராத்திரியாகப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு ஓடவும் வேண்டாம். ஈ-2 விசா அந்த முதலாளியோடு கட்டப்பட்டது, நடுவில் வேறு இடத்துக்கு மாற அவருடைய சம்மதக் கடிதம் தேவைப்படும், ஓடிப்போனால் அது கிடைக்காது. ககாவோடாக் (வாட்ஸ்அப் மாதிரி கொரியச் செயலி) குழுவில் இரவு பத்து மணிக்கு வரும் செய்திக்கு அப்போதே பதில் எழுதிப் பழக்கப்படுத்தவும் வேண்டாம், காலையில் "சரி, பார்த்துவிட்டேன்" என்று போட்டால் போதும்.

"இங்கே எப்பவும் இப்படித்தான்" என்றதும் தலையாட்டுவது

இதுதான் உண்மையிலேயே ஆபத்தான தவறு. ஹக்வொன் முதலாளியை வொன்ஜங்னிம் என்று அழைப்பார்கள். நல்லவர்கள் நிறைய இருக்கிறார்கள். ஆனால் சிலர் "நாம் எல்லாம் ஒரே குடும்பம்" என்று தொடங்கினால் அடுத்து ஏதோ ஒன்றைக் கழிக்கப் போகிறார்கள் என்று புரிந்துகொள்ளுங்கள். அந்த வார்த்தைக்கு நம் ஆட்கள் சீக்கிரம் மயங்கிவிடுவோம்.

சம்பளச் சீட்டை வாங்கிப் பாருங்கள். 3.3 சதவீதம் மட்டும் பிடித்திருந்தால் உங்களைத் தொழிலாளி என்றில்லாமல் தனி ஒப்பந்தக்காரர் என்று கணக்குக் காட்டியிருக்கிறார்கள். அப்படியானால் ஓய்வூதியம், மருத்துவக் காப்பீடு எதிலும் முதலாளியின் பங்கு போகவில்லை. அரசு ஓய்வூதியத்தில் கட்டியிருந்தால் அமெரிக்கா, கனடா, ஆஸ்திரேலியாக்காரர்கள் நாடு திரும்பும்போது முதலாளி கட்டிய பங்கையும் சேர்த்துத் திரும்ப வாங்கலாம். தாளில் என்ன பெயர் போட்டிருந்தாலும், நேரமும் இடமும் பாடமும் அவர்கள் சொன்னபடி வேலை செய்த ஹக்வொன் ஆசிரியர்களைத் தொழிலாளர்கள் என்றே கொரிய நீதிமன்றங்கள் தீர்ப்பளித்திருக்கின்றன.

ஒரு வருஷம் முடித்தால் ஒரு மாதச் சராசரிச் சம்பளம் பணிக்கொடை. வேலையை விட்ட 14 நாளுக்குள் கொடுக்க வேண்டும், ஐந்து பேருக்குக் குறைவாக வேலை செய்யும் இடமாக இருந்தாலும்கூட. அப்படிச் சின்ன இடங்களில் ஆண்டு விடுப்பு, கூடுதல் நேரத்துக்கான உயர்வுச் சம்பளம், துன்புறுத்தல் தடை ஆகியவை பொருந்தாது, அதனால் கையெழுத்துப் போடும் முன்பே எத்தனை பேர் வேலை செய்கிறார்கள் என்று கேட்டுவிடுங்கள். பாஸ்போர்ட்டை "பத்திரமாக வைத்திருக்கிறேன்" என்று வாங்கி வைப்பது சட்டப்படி குற்றம். விசா சந்தேகத்துக்கு 1345, சம்பளப் பிரச்சினைக்கு 1350. தொழிலாளர் அலுவலகத்தில் புகார் கொடுக்கக் கட்டணம் கிடையாது, ஒப்பந்தமும் வங்கிக் கணக்கு அறிக்கையும் செய்திகளின் படங்களும் இருந்தால் போதும்.

என்னோடு ஹக்வொனில் வேலை செய்த தென்னாப்பிரிக்க நண்பர் ஒருவருக்குப் பணிக்கொடை வரவில்லை. "உன் சம்பளத்தில் அதையும் சேர்த்துத்தான் கொடுத்தேன்" என்று சொல்லிவிட்டார் வொன்ஜங்னிம். நண்பர் 14 நாள் காத்திருந்தார், மரியாதையாக ஒரே ஒரு செய்தி அனுப்பினார், பதில் வராததும் போய்ப் புகார் கொடுத்தார். விசாரணைக்கு இருவரையும் ஒரே நாளில் கூப்பிட்டார்கள். வொன்ஜங்னிம் அறைக்குள் வந்ததும் நண்பர் எழுந்து நின்று, இடுப்பு வளையக் குனிந்து வணக்கம் சொன்னாராம். அவரும் பதிலுக்குக் குனிந்தாராம். அப்புறம் இருவரும் எதிரெதிரே உட்கார்ந்தார்கள், நண்பர் தன் வங்கி அறிக்கையை எடுத்து இரண்டு கையாலும் அதிகாரியிடம் நீட்டினார். இரண்டு வாரத்தில் பணம் முழுசாகக் கணக்கில் ஏறியது.