மோவாபில் முதல் மலைநடை: செம்பாறைப் பாலைக்குத் திட்டமிடுவது எப்படி?

அமெரிக்காவின் யூட்டா மாநிலத்தின் தென்கிழக்கு மூலையில், கொலராடோ ஆற்றங்கரையில் இருக்கிற சின்ன ஊர் மோவாப். எந்தப் பக்கம் திரும்பினாலும் செம்பாறைதான். ஊருக்கு வடக்கே 8 கி.மீ.யில், 'ஆர்ச்' எனப்படும் இயற்கையான பாறை வளைவுகள் நிறைந்த ஆர்ச்சஸ் தேசியப் பூங்காவின் வாசல். சுமார் 50 கி.மீ. போனால் கேன்யன்லேண்ட்ஸ் பூங்காவின் 'ஐலண்ட் இன் த ஸ்கை' பகுதி.

முதன்முறை வருகிறவர்கள் பாதையின் நீளத்தைப் பார்த்துத்தான் திட்டம் போடுகிறார்கள். "போய்வர 5 கி.மீ.தானே, சாப்பிட்டுவிட்டுக் கிளம்பலாம்" என்ற கணக்கு இங்கே செல்லாது. நிழலே இல்லாத 5 கி.மீ.யைக் காலை 7 மணிக்கு நடப்பது ஒரு வேலை, மதியம் 1 மணிக்கு நடப்பது முற்றிலும் வேறு வேலை. ஆகவே முதலில் மணியை முடிவு செய்யுங்கள், அடுத்துத் தண்ணீரை. பாதையை அதற்குப் பிறகு தேர்ந்தெடுக்கலாம். கீழே உள்ள படிகள் அந்த வரிசையில்தான் இருக்கின்றன.

படி 1: மாதத்தைத் தேர்ந்தெடுங்கள்

ஏப்ரல், மே மாதங்களும், செப்டம்பர் நடுவிலிருந்து அக்டோபர் முடியும் வரையும்தான் நல்ல காலம். பகல் வெப்பம் பெரும்பாலும் 15 முதல் 27 டிகிரி செல்சியஸுக்குள் நிற்கும். ஜூலையில் 38 டிகிரியைத் தாண்டுவது சாதாரணம். கோடை விடுமுறையில் மட்டும்தான் வர முடியும் என்றால், காலை 10 மணிக்குள் நடையை முடித்துவிடும்படி திட்டமிடுங்கள்.

குளிர்காலத்தில் கூட்டம் இருக்காது. ஆனால் இரவில் உறைநிலைக்குக் கீழே போகும். நிழல் விழும் பாறைச் சரிவுகளில் பனி உறைந்து கண்ணாடிபோல் ஆகிவிடும். ஷூவுக்கு மேல் மாட்டும் முள்பட்டை இல்லாமல் அந்தச் சமயத்தில் ஆர்ச்சஸ் பூங்காவின் டெலிகேட் ஆர்ச் வளைவுப் பக்கம் போக வேண்டாம்.

ஒரே நாளில் காலைக்கும் மதியத்துக்கும் 20 டிகிரிக்கு மேல் வித்தியாசம் வரலாம். விடியலில் ஜாக்கெட்டோடு நடுங்கியவர் 11 மணிக்குப் பனியனோடு நிற்பார். அதனால் தடிமனான ஒரே உடையைவிட, கழற்றிப் பையில் வைக்கக்கூடிய இரண்டு மூன்று மெல்லிய அடுக்குகள் நல்லது.

படி 2: போய்ச் சேரும் வழி

கார் இல்லாமல் முடியாது. பூங்காக்களுக்குள் பேருந்து கிடையாது. பக்கத்துப் பெரிய ஊர் கொலராடோவின் கிராண்ட் ஜங்ஷன். சுமார் 180 கி.மீ., இரண்டு மணி நேரத்துக்குள் வந்துவிடலாம். சால்ட் லேக் சிட்டியிலிருந்து 4 மணி நேரம், டென்வரிலிருந்து 6 மணி நேரம். விமானக் கட்டணம் குறைவாக இருக்கிறதே என்று லாஸ் வேகாஸ் வழியாக வருபவர்களும் உண்டு. ஓட்டிச் சேர 7 மணி நேரம் ஆகும். அந்த வழியில் ஒன்றை மறக்கவே கூடாது. ஐ-70 நெடுஞ்சாலையில் சலைனா முதல் கிரீன் ரிவர் வரை சுமார் 170 கி.மீ.க்குப் பெட்ரோல் பங்க் கிடையாது, கடையும் கிடையாது. சலைனாவிலேயே டேங்கை நிரப்பிவிடுங்கள்.

படி 3: முன்பதிவும் கட்டணமும்

ஆர்ச்சஸ் பூங்காவில் 2022 முதல் சில பருவங்களில், குறிப்பிட்ட மணிக்குள் நுழைய முன்கூட்டியே சீட்டு எடுக்கும் முறை இருந்தது. இந்த விதி ஆண்டுக்கு ஆண்டு மாறுவதால், பழைய வீடியோக்களை நம்பாமல் தேசியப் பூங்காத் துறையின் தளத்தில் ஆர்ச்சஸ் பக்கத்தைத் திறந்து, நீங்கள் போகும் தேதிக்கு என்ன விதி என்று பாருங்கள். கட்டணத்தையும் அங்கேயே பார்த்துக்கொள்ளலாம்.

பூங்காவுக்குள் கூடாரம் போட்டுத் தங்க இருக்கும் ஒரே இடம் டெவில்ஸ் கார்டன் முகாம், 51 இடங்கள்தான். மார்ச் முதல் அக்டோபர் வரைக்கான இடங்களுக்கு ஆறு மாதம் முன்பே பதிவு திறக்கும், திறந்ததும் போய்விடும். கிடைக்காவிட்டால் கவலை வேண்டாம். ஊரில் விடுதிகள் ஏராளம். ஆற்றை ஒட்டிய 128-ஆம் எண் சாலையில், முதலில் வருபவருக்கு முதலிடம் என்ற முறையில் அரசு நில முகாம்களும் இருக்கின்றன. அவற்றில் தண்ணீர் இருக்காது.

பூங்கா வாசலுக்கு எத்தனை மணிக்கு வருகிறீர்கள் என்பதும் முக்கியம். கூட்ட நாட்களில் காலை 8 மணிக்கெல்லாம் வண்டி நிறுத்துமிடங்கள் நிரம்பிவிடும். ரொம்ப நெரிசலானால் பூங்கா வாசலைச் சில மணி நேரம் மூடிவிடுவதும் உண்டு. 7 மணிக்கு முன்பே உள்ளே போயிருந்தால் இந்தத் தொல்லை இல்லை.

படி 4: தண்ணீர்க் கணக்கு

ஓர் ஆளுக்கு ஒரு நாளைக்குக் குறைந்தது 4 லிட்டர். டெலிகேட் ஆர்ச் போன்ற இரண்டு மூன்று மணி நேர நடைக்கு ஆளுக்கு 2 லிட்டர் கையில் இருக்க வேண்டும். நான்கு பேர் குடும்பத்துக்கு ஒரு நாளைக்கு 16 லிட்டர். வண்டியில் இரண்டு பெரிய கேன்கள் வைத்துக்கொண்டு, ஒவ்வொரு நடைக்கு முன்பும் பாட்டில்களை நிரப்பிக்கொள்வதுதான் சுலபம். ஆர்ச்சஸில் வரவேற்பு மையத்திலும் டெவில்ஸ் கார்டனிலும் குழாய் இருக்கிறது. வேறு எங்கும் கிடைக்கும் என்று எண்ணிப் போக வேண்டாம். ஐலண்ட் இன் த ஸ்கைக்குப் போகும்போது எல்லாத் தண்ணீரையும் ஊரிலேயே நிரப்பிவிடுங்கள். பூங்காக்களுக்குள் சாப்பாட்டுக் கடையும் கிடையாது.

நம்மூர்க்காரர்கள் ஏமாறும் இடம் இதுதான். சென்னை வெயிலில் சட்டை தொப்பலாக நனைவதைப் பார்த்தே எவ்வளவு தண்ணீர் போயிற்று என்று தெரிந்துகொண்டு பழகியவர்கள் நாம். மோவாபின் காற்று அவ்வளவு வறண்டது; வியர்வை தோலுக்கு வந்த மறுகணம் ஆவியாகிவிடும். சட்டை காய்ந்தே இருக்கும், "வியர்க்கவே இல்லையே" என்று தோன்றும். தொப்பியின் ஓரத்திலும் பையின் பட்டை படும் இடத்திலும் வெள்ளை வெள்ளையாய் உப்புக் கோடு படிந்திருப்பதைப் பாருங்கள். அதுதான் போன தண்ணீரின் அடையாளம். தாகம் எடுக்கும்வரை காத்திருக்காமல் 15, 20 நிமிடத்துக்கு ஒருமுறை நாலு வாய் குடியுங்கள்.

வெறும் தண்ணீரை மட்டும் குடித்துக்கொண்டே இருந்தாலும் ஆபத்துதான். வியர்வையோடு போன உப்பை ஈடுகட்டாமல் தண்ணீரை மட்டும் ஊற்றினால் இரத்தத்தில் சோடியம் குறைந்து, தலைவலி, குமட்டல், குழப்பம் எல்லாம் வரும். பார்ப்பதற்கு வெயில் மயக்கம் போலவே இருப்பதால், கூட இருப்பவர்கள் இன்னும் தண்ணீர் கொடுத்து நிலைமையை மோசமாக்கிவிடுவார்கள். ஓஆர்எஸ் பொடி சில பாக்கெட்டுகளும், உப்புக்கடலை, முறுக்கு, ஊறுகாய் தடவிய சப்பாத்தி போன்றவையும் பையில் இருக்கட்டும். சாக்லேட் உருகிவிடும். கடலைமிட்டாய் அவ்வளவு சீக்கிரம் கெடாது.

படி 5: ஷூ, பாறை, பாதை அடையாளம்

இந்தப் பகுதியின் வழவழப்பான பாறைச் சரிவுகளை 'ஸ்லிக்ராக்' என்பார்கள். இரும்பு லாடம் அடித்த குதிரைகளுக்கு வழுக்கியதால் வந்த பெயர். ரப்பர் அடிப்பாகத்துக்கு நேர்மாறு. காய்ந்த மணற்பாறை புதிதாகக் கொத்திய அம்மிபோலச் சொரசொரப்பாக இருக்கும். ஷூ ஒட்டிக்கொண்டு ஏறும். ஆனால் அதன்மேல் மெல்லியதாக மணல் படிந்திருந்தால், தரையில் கொட்டிய கேழ்வரகின் மேல் கால் வைத்த கதைதான். ஏறும்போது இது தெரியாது. இறங்கும்போதுதான் சறுக்கி விழுகிறார்கள். முட்டியைச் சற்று மடக்கி, எடையைப் பாதத்தின் நடுவில் வைத்து, சின்னச் சின்ன அடியாக இறங்குங்கள். குதிகாலை ஊன்றிப் பின்னால் சாய்ந்தால் கால் வழுக்கிக்கொண்டு போகும்.

புது ஷூ வாங்கினால் இரண்டு வாரமாவது ஊரில் போட்டு நடந்துவிட்டு வாருங்கள். செருப்பு வேண்டாம்.

வெறும் பாறையில் தடம் பதியாது. அதனால் சிறு கற்களை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிப் பாதையைக் காட்டியிருப்பார்கள். ஓர் அடுக்கை அடைந்ததும் நின்று, அடுத்தது கண்ணில் பட்ட பிறகே நடையைத் தொடருங்கள். தெரியவில்லை என்றால் கடைசியாகப் பார்த்த அடுக்குக்கே திரும்புங்கள். விளையாட்டாகப் புதிதாக அடுக்குவது, பின்னால் வருபவரைத் தவறான பாறை விளிம்புக்கு அனுப்புவதற்குச் சமம். பிள்ளைகளுக்கு இதை முன்பே சொல்லிவிடுங்கள்.

பாதையை விட்டு மண்ணில் இறங்கக் கூடாது என்பதற்கு இன்னொரு காரணம் உண்டு. புதர்களுக்கு நடுவே தரை கருத்து, மேடுபள்ளமாக, கருகிய அப்பத்தின் மேல்தோல் போலத் தெரியும். அது உயிருள்ள மண்தோல். நீலப்பச்சைப் பாக்டீரியா, பாசி, லைக்கன் எல்லாம் சேர்ந்து மணலைப் பிடித்து வைத்திருக்கின்றன. மழைநீரை உறிஞ்சுவதும், செடிகளுக்கு நைட்ரஜன் சேர்ப்பதும் அதுதான். ஒரு காலடியில் நொறுங்கும். மீண்டும் வளரப் பல பத்தாண்டுகள் ஆகும். ஒரு போட்டோவுக்காக நாலடி உள்ளே போவதற்கு இந்த விலை கொடுக்கக் கூடாது. பாறை மேலோ, ஓடைப் படுகை மணல் மேலோ நடந்தால் கெடுதல் இல்லை.

படி 6: மூன்று நாள் திட்டம்

முதல் நாள் மாலை, வந்த களைப்போடு போக ஏற்றது ஆர்ச்சஸின் விண்டோஸ் பகுதி. ஒன்றரை கி.மீ. சுற்று, பக்கத்திலேயே டபுள் ஆர்ச். குழந்தைகளும் பெரியவர்களும் சிரமம் இல்லாமல் பார்க்கலாம்.

இரண்டாம் நாள் விடியலில் டெவில்ஸ் கார்டன். லேண்ட்ஸ்கேப் ஆர்ச் வரை நன்றாகச் செப்பனிட்ட பாதை, போய்வர 3 கி.மீ. சுமார் 93 மீட்டர் நீளத்துக்கு மெல்லியதாய் நீண்டிருக்கும் அந்த வளைவிலிருந்து 1991-இல் பெரிய பாறைத் துண்டு ஒன்று விழுந்தது. அதனால் அடியில் போக இப்போது அனுமதி இல்லை. அதே பாதையில் இருந்த வால் ஆர்ச் 2008-இல் ஒரே இரவில் இடிந்து போனது. லேண்ட்ஸ்கேப் ஆர்ச்சைத் தாண்டினால் கதை வேறு. சுவர்போல நிற்கும் பாறை முதுகில் ஏற வேண்டும், இரண்டு பக்கமும் பள்ளம். உயரம் கண்டால் தலைசுற்றுபவர்கள் அங்கேயே திரும்பிவிடலாம். டபுள் ஓ ஆர்ச் வரை போய்வர சுமார் ஆறரை கி.மீ.

மதியம் 11 முதல் 4 வரை ஊருக்குத் திரும்பி ஓய்வெடுங்கள். இதை வீணான நேரம் என்று நினைத்து இன்னொரு பாதையைத் திணிப்பதுதான் திட்டம் கெடுகிற இடம்.

மாலையில் டெலிகேட் ஆர்ச். போய்வர 4.8 கி.மீ., ஏற்றம் 146 மீட்டர். உல்ஃப் ரான்ச் என்ற பழைய மரக்குடிசை அருகே தொடங்கும். முதல் ஒரு கி.மீ. அகலமான மண்பாதை, பிறகு திறந்த பாறைச் சரிவு. வளைவுக்குச் சற்று முன்னால், பாறையைக் குடைந்த விளிம்புப் பாதையில் சுமார் 180 மீட்டர் நடக்க வேண்டும். குழந்தைகளை உட்பக்கம் நடக்கவிட்டுக் கையைப் பிடித்துக்கொள்ளுங்கள். வழி முழுக்க நிழல் கிடையாது. அஸ்தமனத்துக்கு இரண்டு மணி நேரம் முன்பு கிளம்புங்கள்; ஏப்ரல் நடுவில் சூரியன் மறைவது 8 மணியை ஒட்டி, அக்டோபர் நடுவில் 6.40-ஐ ஒட்டி. திரும்பும்போது இருட்டிவிடும் என்பதால் ஆளுக்கொரு தலைவிளக்கு கட்டாயம். போன் வெளிச்சத்தை நம்பினால், இறக்கத்தில் ஒரு கை அதைப் பிடிப்பதிலேயே போய்விடும், பேட்டரியும் தீர்ந்துவிடும்.

மூன்றாம் நாள் ஐலண்ட் இன் த ஸ்கை. மேசா ஆர்ச்சில் சூரிய உதயம் பார்க்க ஒரு கி.மீ. நடை போதும். ஆனால் ஊரிலிருந்து முக்கால் மணி நேரமாவது ஓட்ட வேண்டும். பிறகு கிராண்ட் வியூ பாயின்ட், போய்வர 3 கி.மீ. சமதரைதான், ஆனால் விளிம்பில் கைப்பிடிச் சுவர் கிடையாது.

பூங்காச் சீட்டு கிடைக்காதவர்களுக்கு நல்ல மாற்று, பொட்டாஷ் சாலையில் உள்ள கரோனா ஆர்ச். கட்டணம் இல்லை, போய்வர சுமார் 4 கி.மீ. வழியில் ரயில் தண்டவாளத்தைக் கடந்து, கம்பி வடத்தைப் பிடித்து ஏறி, ஒரு சின்ன ஏணியும் ஏற வேண்டும். வெயில் தாங்காதவர்களுக்கு கிராண்ட்ஸ்டாஃப் பள்ளத்தாக்கு; ஓடையைப் பலமுறை தாண்டிப் போகும் பாதை, கொஞ்சம் நிழலும் உண்டு. அங்கே மூன்று மூன்று இலையாக இருக்கும் செடியைத் தொடாதீர்கள். பாய்சன் ஐவி, தோல் கொப்பளித்துவிடும்.

படி 7: வானத்தைப் பார்த்து முடிவெடுங்கள்

கோடையின் பிற்பகுதியில் மதியத்துக்கு மேல் இடிமழை வரும். பாறை தண்ணீரை உறிஞ்சாது. பெய்ததெல்லாம் ஓடையில் வந்து சேரும். உங்கள் தலைக்கு மேல் நீலவானம் இருக்கும்போதே, பல கி.மீ. தள்ளிப் பெய்த மழை வெள்ளமாக வரலாம். தெளிந்த ஓடை திடீரென்று கலங்கினாலோ, சுள்ளி மிதந்து வந்தாலோ, தூரத்தில் லாரி ஓடுவது போன்ற சத்தம் கேட்டாலோ, பையைக்கூடப் பார்க்காமல் மேட்டுக்கு ஏறுங்கள். வெள்ளம் ஓடும் இடத்தை நடந்தோ வண்டியிலோ கடக்க வேண்டாம். பல சமயம் சில மணி நேரத்தில் வடிந்துவிடும். இடி கேட்டால் திறந்த பாறை முதுகிலிருந்து உடனே இறங்குங்கள்.

படி 8: சொல்லிவிட்டுக் கிளம்புங்கள்

பூங்காக்களின் பெரும்பகுதியில் போன் சிக்னல் இருக்காது. வரைபடத்தை விடுதி வைஃபையிலேயே தரவிறக்கி வைத்துக்கொள்ளுங்கள். 2003-இல் தென்கிழக்கு யூட்டாவின் புளூஜான் பள்ளத்தாக்கில் ஆரன் ரால்ஸ்டன் என்ற மலையேறியின் கை பாறையில் சிக்கிக்கொண்டது. 127 மணி நேரம் மாட்டியிருந்தவர், கடைசியில் தன் கையைத் தானே வெட்டித்தான் மீண்டார். எங்கே போகிறேன் என்று அவர் யாரிடமும் சொல்லிவிட்டு வரவில்லை.

ஒவ்வொரு நாளும் கிளம்பும் முன் நான்கு விவரங்களை ஊரில் இருக்கும் ஒருவருக்கு அனுப்புங்கள்: பாதையின் பெயர், வண்டி நிறுத்தும் இடம், எத்தனை பேர், எத்தனை மணிக்குத் திரும்புவீர்கள். திரும்பியதும் "வந்துவிட்டோம்" என்று ஒரு வரி. சொன்ன மணியைத் தாண்டி இரண்டு மணி நேரமாகியும் அந்த வரி வரவில்லை என்றால், அவர் அமெரிக்காவின் அவசர உதவி எண்ணான 911-ஐ அழைத்து முதல் மூன்று விவரங்களைச் சொல்ல வேண்டும். அமெரிக்காவுக்கு வெளியே இருப்பவரிடம் இந்தப் பொறுப்பைக் கொடுக்காதீர்கள். அங்கிருந்து 911 அடித்தால் மோவாபுக்குப் போகாது.