வைரம் தேடும் சிறு கம்பெனிப் பங்கு: வாங்கும் முன் இதைப் பாருங்கள்

ஆயிரம் அடி போர் போட்டும் புகை மட்டுமே பறந்ததைப் பார்க்காதவர்கள் நம் தர்மபுரிப் பக்கம் குறைவு. வைரம் தேடும் சிறு கம்பெனிகளின் நிலையும் அதுதான். வைரத்தைச் சுமந்து வரும் கிம்பர்லைட் பாறை கிடைத்தாலும், அவற்றில் மிகச் சிலவே சுரங்கமாகின்றன. பக்கத்து ஆந்திராவின் வஜ்ரகரூரில் கிம்பர்லைட் உண்டு, பெரிய வைரச் சுரங்கம் இல்லை.

ஆகவே ‘கிம்பர்லைட் கண்டுபிடித்தோம்’ என்ற செய்தியை மட்டும் நம்பாமல், நூறு டன் பாறைக்கு எத்தனை காரட் (வைரத்தின் எடை அளவு) வைரம், ஒரு காரட் என்ன விலை போகும் என்று அறிக்கையில் தேடுங்கள். அப்புறம் கம்பெனியின் கையிருப்புப் பணம். இந்தக் கம்பெனிகளுக்குப் பொதுவாக வருமானம் கிடையாது. பணம் தீர்ந்தால் புதுப் பங்கு வெளியிடுவார்கள், கம்பெனியில் உங்கள் பங்கின் விகிதம் குறையும். கையிருப்பை மாதச் செலவால் வகுத்துப் பாருங்கள். 12 மாதம் தாங்காது என்றால் நான் தொடமாட்டேன்.

ஆய்வகத்தில் உருவாக்கும் வைரம் பெருகி விலை சரிந்ததில், உலகின் பெரிய வைரக் கம்பெனிகளில் ஒன்றான டி பியர்ஸே உற்பத்தியைக் குறைத்தது. இந்த நேரத்தில் மாங்காய் விற்ற காசை இதில் போட வேண்டாம். நீங்கள் பார்க்கும் கம்பெனி வெளிநாட்டுப் பங்கு என்றால், வங்கி வழியாக, ரிசர்வ் வங்கி விதிப்படிதான் பணம் போகும். வாட்ஸ்அப்பில் ஜிபே நம்பர் அனுப்பினால், அது மோசடி.