மலைநாடு குளிர்தானே என்று நம்பி ஏறாதீர்கள்

வெளிநாட்டிலிருந்து இலங்கை மலைநாட்டு ஊருக்குக் கிளம்பும்போது எல்லாரும் மறக்காமல் பெட்டியில் வைப்பது ஸ்வெட்டர். தொப்பி வைக்கச் சொல்லி யாரும் சொல்வதில்லை. நானும் அப்படித்தான் போனேன், ஓர் ஏப்ரல் மாதம், பத்து வருஷத்துக்கு அப்புறம்.

வெலிமடைப் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டத்தில் அத்தை வீடு. விமானத்தில் தூக்கமில்லை, கட்டுநாயக்காவிலிருந்து வேனிலும் தூக்கமில்லை. பாதை மோசம் என்று ஓட்டோக்காரர் ரோட்டு வளைவில், முடக்கிலேயே இறக்கிவிட்டார். பகல் பதினோரு மணி. இரண்டு கையிலும் சொக்லேட் பைகளோடு மேட்டு லயத்துக்கு, அதாவது மேட்டில் இருக்கும் தொழிலாளர் வரிசை வீடுகளுக்கு ஏறினேன். வியர்க்கவேயில்லை. பரவாயில்லை, இன்னும் தெம்பாகத்தான் இருக்கிறேன் என்று பெருமையாக நினைத்துக்கொண்டேன். உண்மையில் வியர்வை ஊறிய மறுகணமே காற்று அதை உலர்த்திக்கொண்டிருந்தது. வாசலுக்குப் போய்ச் சேர்ந்தபோது தலை பிளந்தது, கால் நடுங்கியது, அந்த வெயிலிலும் உடம்பு சிலிர்த்தது.

"ஏன்டா, உச்சி வெயில்ல இப்படியா ஏறிக்கிட்டு வருவ? மலையில நிக்கிற நாங்களே இந்நேரம் கொழுந்த நிறுத்துட்டு நிழலுக்கு வந்துருவோம்" என்று அத்தை ஏசினார். மலைத்தண்ணீர் விழும் பீலியடியில் உட்கார வைத்துத் தலையில் தண்ணீர் ஊற்றினார். உப்புப் போட்ட சோத்துத்தண்ணி கொடுத்தார். மூன்று வார லீவில் ஒன்றரை நாள் படுக்கையிலேயே போனது. அதுவும் அதிர்ஷ்டம் என்றுதான் சொல்வேன்.

மலையின் தந்திரம் இதுதான்: காற்று குளிரும், வெயில் குறையாது. உயரம் ஆயிரம் மீற்றர் கூடக்கூடப் புற ஊதாக் கதிர் பத்து சதவீதம் அளவுக்குக் கூடும். நுவரெலியா 1,868 மீற்றரில் இருக்கிறது. ஏப்ரல் 5க்கும் 15க்கும் இடையில் சூரியன் இலங்கைக்கு நேர் உச்சியில் வரும். ஆகஸ்ட் கடைசி, செப்டம்பர் தொடக்கத்தில் மறுபடியும் வரும். நாம் போவதும் பெரும்பாலும் சித்திரைப் புத்தாண்டுக்கு, இல்லாவிட்டால் பிள்ளைகளின் கோடை விடுமுறைக்கு. ஜூலை, ஆகஸ்டில் ஹட்டன் பக்கம் மழை பெய்துகொண்டிருக்க, மலைக்கு அந்தப் பக்கம் பதுளை, பண்டாரவளையில் காய்ந்த காற்று வீசும். நுவரெலியாக் குளிரில் உடுத்திய அதே உடுப்போடு பதுளைக்கு இறங்கினால் ஏழெட்டுப் பாகை சூடு கூடியிருக்கும்.

உடம்பு வெயிலுக்குப் பழக ஒன்று, இரண்டு வாரம் பிடிக்கும். நாமோ வந்த மறுநாளே ஓடத் தொடங்குகிறோம். முதல் மூன்று நாளுக்கு ஏற்றம் எதுவும் வைக்காதீர்கள். காலை ஒன்பதரை, பத்துக்குள் நடையை முடியுங்கள், பின்னேரம் மூன்றரைக்குப் பிறகு மறுபடி கிளம்புங்கள். நடுவில் சாப்பாடு, தூக்கம், கதை. அதற்குத்தானே வந்தீர்கள்?

சொந்தக்காரர்களிடம் இதைச் சொல்வதுதான் கஷ்டம். ஒரே நாளில் தோட்டத்தின் மூன்று டிவிஷன், ஏழு வீடு, ஒவ்வொரு வீட்டிலும் சாயத்தண்ணியும் (பால் இல்லாத தேநீர்) பலகாரமும். போகாவிட்டால் "பெரிய ஆளாயிட்டாங்க" என்பார்கள். நான் இப்போது டொக்டர் மேல் பழியைப் போடுகிறேன்: "பகல்ல நடக்கக் கூடாதுன்னு சொல்லிட்டாரு அத்தை." யாரும் கோபிப்பதில்லை, அவர்களே இறங்கி வந்துவிடுகிறார்கள். சாயத்தண்ணியும் தண்ணீர்க் கணக்கில்தான் சேரும், ஆனால் அதை மட்டும் நம்பாதீர்கள். இளநீர், மோர், உப்புக் கஞ்சி நல்லது. பார்மசியில் ஜீவனி பைக்கற் (தண்ணீரில் கரைத்துக் குடிக்கும் உப்பு-சர்க்கரைத் தூள்) வாங்கிப் பையில் வைத்துக்கொள்ளுங்கள். புத்தாண்டுக் கொண்டாட்டத்தில் பகல் வெயிலில் சாராயம் மட்டும் வேண்டாம்.

சிவனொளிபாதமலைக்கு இரவில் ஏறுவதால் வெயில் பயமில்லை என்று நினைப்போம். நல்லதண்ணிப் பக்கமிருந்து ஏறத்தாழ 5,500 படி. சிக்கல் இறங்கும்போதுதான்: தூக்கமில்லாத உடம்பு, நடுங்கும் முழங்கால், மேலே ஏறிவரும் வெயில். உதயம் பார்த்ததும் உடனே இறங்கிவிடுங்கள். அன்றைக்கே வேறு ஊருக்கு வேன் பேசாதீர்கள். ஹோர்ட்டன் சமவெளியில் உலக முடிவு என்ற செங்குத்துப் பாறை விளிம்பைப் பார்த்துவரும் சுற்று ஒன்பது கிலோமீற்றருக்கு மேல். பெரும்பகுதி புல்வெளி, நிழல் இல்லை. வாசலில் பொலித்தீனை வாங்கிக்கொள்வார்கள், ஆகவே கழுவிப் பாவிக்கும் போத்தலில் தண்ணீர் கொண்டுபோங்கள். எல்லவில் ஒன்பது வளைவுப் பாலத்தை மத்தியானத்தில்தான் பார்க்க வேண்டும் என்று எந்த நேர்த்திக்கடனும் இல்லை.

நேர்த்திக்கடன் என்றதும் ஞாபகம் வருகிறது. மாத்தளை முத்துமாரியம்மன் தேருக்கும், தோட்டத்து அம்மன் திருவிழாக்களுக்கும் காவடி, பால்குடம் எடுக்கவே சிலர் வருகிறோம். மாத்தளை மலைநாடு என்றாலும் தாழ்ந்த ஊர், நல்ல சூடு. விரதம், வெறுங்கால், தார் ரோடு மூன்றும் சேர்ந்தால் உடம்பு தாங்காது. பிறஷருக்கு நீர் போகும் குளிசை எடுப்பவர்களும், நீரிழிவுக்காரர்களும் கிளம்பும் முன் அங்கேயே உங்கள் டொக்டரிடம் கேட்டுவிட்டு வாருங்கள். இன்சுலினை வெயிலில் நிற்கும் வேனில் விட்டுவிட்டுப் போகாதீர்கள். வயதானவர்களுக்குத் தாகமே தெரியாது. சிறுநீர் கடும் மஞ்சளாகப் போகிறதா என்று கேட்க வெட்கப்படாதீர்கள்.

தலைவலி, குமட்டல், தசைப்பிடிப்பு என்றால் நிழல், தண்ணீர், ஓய்வு போதும். பேச்சுக் குழறுகிறது, ஆளைத் தெரியவில்லை, தள்ளாடுகிறார் என்றால் அது வேறு கதை, உயிராபத்து. உடம்புச் சூடு 40 பாகையைத் தாண்டியிருக்கலாம். வியர்வை நின்றால்தான் ஆபத்து என்று நம்மவர்கள் சொல்வது முழுக்கச் சரியில்லை. ஏறி உழைத்து விழுந்தவருக்கு வியர்வை கொட்டிக்கொண்டே இருக்கலாம். பனடோல் இதற்கு உதவாது. மயங்கியவர் வாயில் எதையும் ஊற்றாதீர்கள். உடுப்பைத் தளர்த்தி, பீலித் தண்ணீரை உடம்பெல்லாம் ஊற்றி விசிறுங்கள். அப்படிச் செய்துகொண்டே 1990க்கு அழையுங்கள், அம்புலன்சுக்குக் காசு இல்லை.

ஒன்றை மட்டும் போன அன்றே செய்துவைத்துவிடுங்கள். நம் ஆட்கள் தோட்டத்தைக் கூப்பிடும் தமிழ்ப் பெயர் ஒன்று, பெயர்ப்பலகையில் இருப்பது வேறொன்று. அம்புலன்ஸ் டிரைவருக்குப் பலகைப் பெயர்தான் தெரிந்திருக்கும். அந்தப் பெயரையும், டிவிஷனையும், எந்த முடக்கில் திரும்ப வேண்டும் என்பதையும் கேட்டுப் போனில் எழுதிக்கொள்ளுங்கள். அழைத்த பிறகு ஓடத்தெரிந்த பொடியன் ஒருவனை ரோட்டுக்கு அனுப்பி நிற்க வையுங்கள்.