கடலில் பட்ட காயம்: சீழ் வரட்டும் என்று காத்திருக்காதீர்கள்

ராமநாதபுரம் மாவட்டத்து மண்டபம் பக்கம் பாசி எடுக்கப் போகும் பெண்கள் விரலில் துணி சுற்றிக்கொண்டுதான் கடலில் இறங்குகிறார்கள். அப்படியும் பாறை கீறிவிடுகிறது. பாம்பனிலும் தொண்டியிலும் வலையிலிருந்து நண்டைப் பிரிப்பவர்கள் கையும் அப்படித்தான். "உப்புத்தண்ணி பட்டா ஆறிடும்" என்று புண்ணைக் கடலிலேயே அலசிவிட்டு வேலையைப் பார்ப்பார்கள். இது பெரிய தவறு. விப்ரியோ வல்னிபிகஸ் என்ற பாக்டீரியா வெதுவெதுப்பான கடலோர நீரில் இயல்பாகவே வாழ்வது. உப்பு அதைக் கொல்லாது. உப்பில்லாமல் அது வளரவே வளராது. கரைக்கு வந்ததும் நல்ல தண்ணீரிலும் சோப்பிலும் கழுவுங்கள். மஞ்சள், சுண்ணாம்பு, காபித்தூள் எதுவும் வேண்டாம்.

இந்தக் கிருமியின் ஆயுதங்களில் ஒன்று, நம் செல்லின் சவ்வைத் துளைக்கும் நச்சுப் புரதம். தோலில் வாழும் ஸ்டபைலோகாக்கஸ் ஆரியஸ் என்ற இன்னொரு பாக்டீரியாவின் ஆல்பா நச்சிலும் இதே வேலைதான் நடக்கிறது: 7 புரதத் துண்டுகள் சவ்வின்மேல் வட்டமாகக் கூடி, நடுவில் ஒரு குழாயை இறக்குகின்றன. வள்ளத்தின் அடிப்பலகையில் ஓட்டை விழுந்த மாதிரி உள்ளே தண்ணீர் ஏறுகிறது, பொட்டாசியம் வெளியே கசிகிறது, செல் வீங்கிச் சாகிறது. வேறு சில நச்சுகள் நம் சவ்விலுள்ள கொலஸ்ட்ராலைப் பிடித்துக்கொண்டு துளைக்கும். பாக்டீரியாக்களின் சவ்வில் பொதுவாகக் கொலஸ்ட்ரால் இல்லை. அடி வாங்குவது நாம்தான்.

இதனால்தான் "சீழ் வைக்கட்டும், அப்புறம் பார்க்கலாம்" என்பது உயிருக்கே ஆபத்தான நினைப்பு. சீழாகச் சேரவேண்டிய வெள்ளையணுக்களையே இப்படிப்பட்ட நச்சுகள் கொல்லக்கூடும். சீழ் இல்லாமலே உள்ளே சதை அழுகலாம். நீங்கள் பார்க்க வேண்டியது வலியை. சின்னக் கீறலுக்குப் பொருந்தாத கடும் வலி, வேகமாகப் பரவும் வீக்கம், கருநீலக் கொப்புளம், காய்ச்சல் என்று எதைக் கண்டாலும் அந்த ராத்திரியே ஆஸ்பத்திரிக்குக் கிளம்ப வேண்டும். வல்னிபிகஸ் தொற்றியவர்களில் ஐந்தில் ஒருவர் இறக்கிறார், சிலர் ஓரிரு நாளிலேயே. கல்லீரல் நோய் உள்ளவர்களும் சர்க்கரைக்காரர்களும் சின்னப் புண்ணைக்கூட அலட்சியம் செய்யக்கூடாது.

திருக்கை முள் குத்தினால் பொறுக்கும் சூட்டில் வெந்நீரில் காலை வைப்பது சரி, வலி இறங்கும். ஆனால் அந்த வெந்நீர் ஆழத்தில் போன கிருமியைக் கொல்லாது.

மெடிக்கலில் நாலு மாத்திரை வாங்கிப் போட்டு நாளைக் கடத்துவது இன்னொரு தவறு. வழக்கமாகக் கொடுக்கும் மாத்திரை இதற்குப் போதாமல் போகலாம். மருந்து கிருமியைத்தான் தடுக்கும். ஏற்கெனவே செத்த சதை திரும்ப வராது, சிலசமயம் அதை அறுத்து எடுக்க வேண்டியிருக்கும். டாக்டரிடம் முதல் வாக்கியமே "கடல்தண்ணீர் பட்ட காயம்" என்று இருக்கட்டும். விப்ரியோவைச் சந்தேகித்தால் அவர் டாக்ஸிசைக்ளினோடு செப்டாசிடிம் போன்ற ஊசியையும் சேர்த்தே தொடங்குவார். வண்டி வருவதற்குள் சிவப்பின் ஓரத்தில் பேனாவால் கோடு போட்டு, பக்கத்திலேயே மணியை எழுதுங்கள். எவ்வளவு வேகமாகப் பரவுகிறது என்று அவருக்குப் பார்த்ததும் தெரிந்துவிடும்.